தாயத்து அச்சடித்தவர்களும் என் கணவரும்

ஒக்லாந்து நகரத்தில் விரி என்ற பகுதியில் பெட்டி அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. என் கணவர் அங்கே மெஷின் உருளைகளைக் கழுவினார். இந்த இரண்டு வசனங்களையும் ஒக்லாந்தில் எந்தத் தமிழர் முன்னாலும் நான் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் இவர்தான். இப்போது சொல்கிறேன். சொன்னால் என்ன, வானம் இடிந்து தலையில் விழுமா?

தொண்ணூறுகளின் நடுவில், புள்ளி போட்டு விசா கொடுத்த காலத்தில் வந்தவர்கள் நாங்கள். இவருடைய பட்டத்துக்குப் புள்ளி, என்னுடைய பட்டத்துக்குப் புள்ளி, வயதுக்குக்கூடப் புள்ளி. விமானத்தை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பட்டங்களை ஒரு நாயும் மோந்து பார்க்கவில்லை. ஊரில் இவர் பல்கலைக்கழகத்தில் சரித்திர விரிவுரையாளர். நான் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவள். இவருடைய கட்டுரைகளின் ஆங்கிலத்தை வரி வரியாகத் திருத்தித் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான். இங்கே வந்து பக்குரங்காவில் ஒரு ரெஸ்ட் ஹோமில் வயதானவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்குப் போனேன். கேட்டவர்களுக்கு அதை அப்படியே சொன்னேன். "ஐயோ அக்கா, நீங்களோ?" என்று மூக்கில் விரல் வைத்தவர்களிடம், "ஏன், வெள்ளைக்காரருக்கு ஊத்தை வராதோ?" என்று கேட்டேன்.

இவருக்கு அது பிடிக்கவில்லை. "நேர்சிங் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போயிடுவீரோ?" என்றார்.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "பப்ளிஷிங்." யார் கேட்டாலும் அதுதான். "நான் பப்ளிஷிங் லைன்ல இருக்கிறன்." வெண்ணெய்ப் பெட்டியும் பிஸ்கட் பெட்டியும் அடிக்கிற இடம்! காலையில் வெள்ளைச் சட்டை, டை, கையில் தோல் பை. பைக்குள் சோற்றுப் பெட்டியைத் தவிர ஒன்றும் இருக்காது. வேலைக்குப் போடுகிற ஓவரோல் காரின் பின்பெட்டியில் கிடக்கும். வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தின் கழிப்பறைக்குள் டையோடு போய் ஓவரோலோடு வெளியே வருவார். பின்னேரம் அதே இடத்தில் ஓவரோலோடு போய் டையோடு வருவார். ஊரில் நாடகம் போட்டவர்கள்கூட இவ்வளவு வேகமாக வேஷம் மாற்றியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கூத்து இவர் ஒருவரோடு நின்றிருந்தால் விசர் என்று விட்டுவிடலாம். ஒருநாள் அந்தக் கழிப்பறைக் கதவைத் திறந்தபோது உள்ளே இன்னொரு தமிழர் டையைக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். ஹென்டர்சனில் இருக்கிறவர், ஊரில் என்ஜினியர், எங்களுக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காணவில்லை. அதாவது, கண்டார்கள், காணவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வாடகை மண்டபத்தில் பூசை முடிந்து பிரசாதத்தோடு நிற்கும்போது அவர் இவரிடம், "எப்பிடி ஒஃபிஸ் போகுது?" என்று கேட்டார். "பிரச்சினை இல்லை, உங்களுக்கு?" என்றார் இவர். நான் பக்கத்தில் சுண்டலை மென்றுகொண்டு நின்றேன். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த மனிதர் வாழ்க்கை முழுவதும் ஆராய்ந்த கேள்வி ஒன்று உண்டு. இஸ்லாமிய உலகத்தில் அச்சு ஏன் அவ்வளவு பிந்திப் பரவியது, முந்தியே பரவியிருக்க முடியாதா என்பதுதான் அந்தக் கேள்வி. ஐரோப்பாக்காரன் ஆட்டுத்தோலில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் பாக்தாத்திலும் கெய்ரோவிலும் கடதாசிக் கடைகள் இருந்தன. புத்தகம் விற்கிற தெருக்கள் இருந்தன. அதற்கும் மேலாக, அச்சே இருந்தது. எகிப்தின் மண்ணுக்குள்ளிருந்து சின்னச் சின்ன அச்சுத் தாள்கள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் தாயத்துக்குள் சுருட்டி வைத்த மந்திரத் துண்டுகள், இறைவசனங்கள். ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முந்தியவை. பிறகு அந்தக் கலை இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"மதம் தடுத்தது எண்டு சொல்லுறது சோம்பேறிச் சரித்திரம்" என்பார் இவர். "கையால எழுதிற எழுத்துக்காரற்றை பிழைப்புக் கெடும் எண்டு தடுத்தவை எண்டால், அது பாதிக் கதை. தாயத்து அடிச்சவன் ஆர்? சந்தியில நிண்டு வித்தை காட்டிறவன், பிச்சைக்காரரோட திரியிறவன். படிச்ச ஆக்கள் அவன்ர தெருப்பக்கமே போகேல்லை. ஒரே ஒரு ஆலிம், மார்க்கம் படிச்ச ஒரு ஆள், அந்தச் சந்துக்குள்ள போய், 'தம்பி, உந்த அச்சில பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு அரிச்சுவடி அடிச்சுத் தா' எண்டு கேட்டிருந்தால் காணும். உலகமே வேற மாதிரிப் போயிருக்கும்."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். சலிக்காது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரம் இவருடைய முகமே வேறு.

இவருக்கு அரபு படிப்பித்தவர் யாழ்ப்பாணத்து மௌலவி ஒருவர். ரமழான் மாதத்தில் எங்களுக்கு வாளியில் கஞ்சி அனுப்புகிறவர். தொண்ணூறாம் ஆண்டில் அவரையும் அவருடைய முஸ்லிம் சனத்தையும் எங்கள் இயக்கக்காரர் துப்பாக்கியைக் காட்டி, சில மணித்தியாலத்துக்குள், உடுத்த உடுப்போடு ஊரை விட்டு அனுப்பினார்கள். நாங்கள் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். எங்கள் சனத்துக்கு வாய் மூடிப் பழக்கம் அதிகம்.

விரிக்கு வேலைக்குப் போன பிறகு இவருடைய ஆராய்ச்சி ஒரு திருப்பம் எடுத்தது. அதுவரை இவர் படித்த புத்தகங்களில் எல்லாம், அரபு எழுத்து சேர்த்துச் சேர்த்து எழுதுவது, ஒவ்வொரு எழுத்துக்கும் இடத்துக்கு இடம் உருவம் மாறும், ஆகவே தனித்தனி ஈய எழுத்து வார்த்துக் கோப்பது கஷ்டம் என்றுதான் இருந்தது. தொழிற்சாலையில் யார் எழுத்துக் கோர்க்கிறார்கள்? முழுப் பெட்டியும் ஒரே தகடு. தகட்டை உருளையில் மாட்டுகிறார்கள், அடிக்கிறார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்தார்.

"இஞ்சேரும், தனி எழுத்து என்னத்துக்கு? தாயத்துக்காரன் முழுப் பக்கத்தையும் ஒரே தகட்டிலதானே அடிச்சவன்! களிமண்ணில வெட்டி, வெள்ளீயத்தை ஊத்தி எடுத்திருப்பான். சேர்ந்த எழுத்துக்கு அதுதான் சுகம். வழி அவன்ர கையிலயே இருந்திருக்கு!"

"சப்பாத்து" என்றேன் நான்.

"அதை விடும். மை! மைதான் பிரச்சினை. தண்ணி மை தகட்டில நிக்காது, முத்து முத்தா உருண்டு ஓடும். எண்ணெய் மை வேணும். இண்டைக்கு உருளை கழுவேக்கதான் விளங்கினது."

அன்றிலிருந்து எங்கள் குசினி அச்சுக்கூடமாயிற்று. வெள்ளீயம் உருக்க நான் விடவில்லை, வாடகை வீடு. மெல்லிய தகரத்தில் எழுத்தை எழுந்து நிற்கிற மாதிரி இவரே தட்டி எடுத்தார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுத வேண்டும், அதற்கே பல தகரம் வீணாயிற்று. சாமி விளக்கின் புகையைத் தட்டில் பிடித்துக் கரி சேர்த்தோம். முதலில் நல்லெண்ணெயில் குழைத்தோம். அழகாக அடித்தது, ஆனால் வாரக்கணக்கில் காயவில்லை. தொட்ட இடமெல்லாம் கறுப்பு, என் பிளவுஸ் ஒன்று போயிற்று. பிறகு மரத்துக்குப் பூசும் ஆளியெண்ணெயை ஹார்ட்வெயார் கடையில் வாங்கி, காய்ச்சிக் குழைத்தார். நான் அகப்பையின் முதுகால் தாளை அழுத்தித் தேய்த்தேன். உரித்து எடுத்தோம். ஒரு பக்கம் முழுக்க அரபு எழுத்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, கொஞ்சம் கோணலாக. இரண்டு நாளில் காய்ந்தும் விட்டது.

"எகிப்தில ஆளிக்கு என்ன பஞ்சம்? உடுத்த துணியே ஆளி நார்தானே!" என்று குதித்தார். "எண்ணெய், கரி, ஈயம், கடதாசி, வாங்க ஆக்கள், எல்லாம் ஒரே சந்தைக்குள்ள இருந்திருக்கு. பேனை பிடிச்ச கையும் மை பட்ட கையும் ஒரு பாயில இருக்கேல்லை, அவ்வளவுதான்!"

எங்கள் மகள் எட்டிப் பார்த்து, "டாட், யூ ஆர் சோ வியர்ட்" என்றுவிட்டுப் போனாள். இவர் சிரித்தார். ஒக்லாந்துக்கு வந்து இவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

கட்டுரை எழுதினார். நான் திருத்தினேன், தட்டச்சு செய்தேன். நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம். அங்கே புத்தகத்தின் சரித்திரம் என்று ஒரு புதுப் பாடம் தொடங்கப் போகிறார்கள், அதற்கு ஒரு உதவி விரிவுரையாளர் வேண்டும் என்று பத்திரிகையில் வந்திருந்தது. அந்த வேலை கிடைத்தால் உருளை இல்லை, ஓவரோல் இல்லை, பெற்றோல் நிலையக் கழிப்பறை இல்லை. இவர் மறுபடி இவராவார். நானும் இரவில் நிம்மதியாகப் படுப்பேன். பாடத்துக்குப் பொறுப்பான பேராசிரியை தானே போன் எடுத்து வரச் சொன்னார். போனை வைத்துவிட்டு இவர் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கடவுளோடு கோபித்துக்கொண்டு இருந்த மனிதர்.

போகும் நாள் காலையில் சலவைத்தூளும் தேசிக்காயும் போட்டு இவர் நகக்கண்ணைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து போயிற்று. மை போகவில்லை. "இஞ்சேருங்கோ, விடுங்கோ. அந்த மனிசிக்கு வேலையைப் பற்றிச் சொல்லுங்கோ. அதாலதானே இவ்வளவும் கண்டுபிடிச்சனீங்கள்" என்றேன்.

"விசரே உமக்கு?" என்றார்.

மழை. நான்தான் காரை ஓட்டினேன். வாசலில் கதிரையில் இருப்போம் என்று நினைத்தேன், பேராசிரியை என்னைக் கண்டு, குளிருக்குள் ஏன் இருக்கிறீர்கள் என்று உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தந்தார். நல்ல மனுசி. நரைத்த தலை, கம்பளிச் சட்டை, மேசை முழுக்கப் புத்தகம். இவருடைய கட்டுரை நடுவில் கிடந்தது, ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"தகட்டில் தண்ணீர் மை நிற்காது, ஆளியெண்ணெய் காயும் நேரம், தாளை எவ்வளவு ஈரமாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் நான் எங்கேயும் படித்ததில்லை. எந்தப் புத்தகத்தில் எடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

இவர் கையை மேசைக்குக் கீழே இறக்கினார். "பல புத்தகங்கள்" என்றார்.

"எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பழைய கையச்சு இயந்திரம் இருக்கிறது. மாணவர்கள் அதில் அடித்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். எங்களில் ஒருவருக்கும் மையில் கை வைத்துப் பழக்கமில்லை. உங்கள் கட்டுரையைப் படித்ததும், இந்த மனிதர் அச்சுக்கூடத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். செய்திருக்கிறீர்கள்தானே?"

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கிறது! ஓம் என்று ஒரு சொல். அந்தக் கையைத் தூக்கி மேசையில் வைத்தால்கூடப் போதும்.

"இல்லை" என்றார் இவர். "நான் ஆராய்ச்சியாளன். இயந்திரத்தைத் தொட்டதில்லை."

பேராசிரியையின் முகம் மெல்லச் சுருங்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை. ஆங்கிலத்தில், தெளிவாக, சொன்னேன். "இவர் விரியில் ஒரு அச்சுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எல்லாவற்றையும் அங்கேதான் கற்றார். எங்கள் குசினியில் அடித்துப் பார்த்தோம். நானும் உதவி செய்தேன்."

அந்த மனுசி என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இவர் சிரித்தார். டை கட்டிக்கொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பு.

"மன்னிக்க வேண்டும். என் மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. நான் பதிப்புத் துறையில் இருக்கிறேன். ஒருநாள் ஒரு அச்சுக்கூடத்தைப் பார்க்கப் போனோம், அதைச் சொல்கிறார்."

எனக்கு ஆங்கிலம் வராது. எனக்கு! எத்தனை பிள்ளைகளை ஆங்கிலத்தில் சித்தியடைய வைத்தவள். இவருடைய அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு காற்புள்ளியும் நான் போட்டது. கையிலிருந்த கோப்பையைத் தட்டில் அடித்து வைத்தேன். பேராசிரியை என் பக்கம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல், ஒவ்வொரு சொல்லாக, உரத்த குரலில், "இன்னும்... கொஞ்சம்... தேநீர்... வேண்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் இவரிடம் அச்சு பற்றிக் கேட்கவில்லை. நியூசிலாந்து பிடித்திருக்கிறதா, மழை எப்படி என்று கேட்டார்.

காருக்குள் ஏறினதும் கதவை அடித்துச் சாத்தினேன். "உங்களுக்கு என்ன கோதாரி பிடிச்சது? வெண்ணெய் திரளேக்க தாழியைப் போட்டு உடைச்சீங்களே!"

"நீர் ஏன் வாயைத் திறந்தனீர்? உருளை கழுவிறவன் எண்டு தெரிஞ்சால் என்ன செய்வாள் தெரியுமோ? கீழ, அந்த இயந்திரத்தோட விடுவாள். கழுவித் துடைக்க விடுவாள். மேல நிண்டு படிப்பிக்க விடுவாளோ?"

இவர் சொன்னதில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்லமாட்டேன். எங்களை வேலைக்காரராகக் கண்டவர்கள் பிறகு மனிதராகக் கண்டதில்லை, அது எனக்கும் ரெஸ்ட் ஹோமில் தெரியும். ஆனால் அந்த அறையில் அதைச் செய்தது அந்த வெள்ளைக்காரி இல்லை. "எகிப்தில படிச்சவங்கள் தாயத்துக்காரன்ர பாயில இருக்கேல்லை எண்டு மூச்சுக்கு மூச்சுச் சொன்னீங்கள். நீங்கள் உங்கட பாயிலயே இருக்கேல்லையே" என்றேன். இவர் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சில வாரத்தில் பதில் வந்தது. கருத்து சுவாரசியமானது, ஆனால் செய்முறை விஷயங்களுக்கு ஆதாரம் காட்டப்படவில்லை, இயந்திரத்தில் பழக்கமுள்ள ஒருவரை எடுத்திருக்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இவர் வாசித்துவிட்டு, "பாத்தீரோ? கறுத்த ஆக்களை எடுக்கமாட்டினம்" என்றார். ஆளியெண்ணெயில் மிச்சம் இருந்ததை வேலிப் பலகைக்குப் பூசி முடித்தார்.

இந்த நாடு எங்களுக்குச் செய்த அநியாயங்களைச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். என் பெயரைக் கேட்டதும் போனை வைத்தவர்கள், என் சான்றிதழை மேசையில் தள்ளிவிட்டவர்கள், எல்லாம் உண்மை. ஆனபடியால் இவருடைய பொய்யை எல்லோரும் நம்பினார்கள். உண்மைகளுக்கு நடுவே வைத்த பொய் அல்லவா, துருத்திக்கொண்டு தெரியவில்லை. விருந்துக்கு விருந்து அந்தக் கதை வளர்ந்தது. பேராசிரியை இவருடைய தோலின் நிறத்தைப் பார்த்ததும் முகம் மாறினாள் என்றார். பிறகு, கை கொடுக்கவே இல்லை என்றார். எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்த மனுசி அது.

ஒருநாள் ஹென்டர்சனில், அந்த என்ஜினியர் வீட்டில் சாப்பாடு. பிட்டும் மீன்குழம்பும். இவர் அந்தக் கதையைத் தொடங்கினார். ஆண்கள் நாக்கைத் தட்டினார்கள். "அவங்கள் உப்பிடித்தான், அண்ணை" என்று என்ஜினியர் தலையாட்டினார். எந்தக் கழிப்பறையில் யார் யாரைக் கண்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய மனைவி பிட்டுத் தட்டோடு என் பக்கம் திரும்பினாள். அவளுடைய பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

"அக்கா, நீங்களும் அண்டைக்கு உள்ளதானே இருந்தனீங்கள்? அந்த மனிசி உண்மையா என்ன சொன்னவ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். கெஞ்சுகிற கண். அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ மறைத்திருப்பேனோ தெரியாது, அந்தக் கெஞ்சல்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"எனக்கு என்னடியம்மா தெரியும்?" என்றேன். "எனக்கு இங்கிலிஷ் வராதெல்லே. இவரைக் கேள்."

வீடே கொல்லென்று சிரித்தது. ரீச்சரின் பகிடியைப் பார் என்று என் முதுகில் தட்டினாள் அவள். இவர் தலையைக் குனிந்து, பிட்டு முடிந்த வெறும் தட்டை விரலால் பிசைந்துகொண்டிருந்தார்.